மினிட்ஸின் கடைசி வரி

மும்பை லோக்கல் ரயில் வடாலா தாண்டியதும் எதிர் சீட்டு மாமி தன் தோழியிடம் சொன்னதைக் கேட்டு, காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"நான் டைப் பண்றதெல்லாம் சான்பாடாவுல இருக்கற என் பிள்ளைக்குப் போயிடறது."

"நீ அனுப்பறியா?"

"இல்லைடி. ஆத்துக் கம்ப்யூட்டர் அவனோடது. கல்யாணமாகித் தனியாப் போறச்சே விட்டுட்டுப் போனான். நான் எதை சேவ் பண்ணாலும் இன்னும் அவன் ஃபோல்டர்லதான் விழறது. அவன் போன்லயும் தெரியும்."

"நீ உங்க பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி. மீட்டிங் மினிட்ஸெல்லாமா போறது? ஃபோல்டரை மாத்திடேன், ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்தறதாவது! போன மாசம் மினிட்ஸ் கடைசில ஒரு வரி சேர்த்தேன். 'செக்ரட்டரியின் மகன் ஆறு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. கமிட்டி கவலை தெரிவித்தது.'"

"ஐயையோ, மெம்பர்ஸ் படிப்பாளே!"

"பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி அழிச்சுடலாம்னு மறுநாள் திறந்தேன். கீழே இன்னொரு வரி இருக்கு. 'ஞாயிறு மதியம் மகன் ஆஜராவார். அவியல் செய்ய ஏகமனதாகத் தீர்மானம்.'"

"வந்தானா?"

"வந்தான். ரெண்டு தடவை போட்டுண்டு சாப்பிட்டான்."

குர்லா வரைக்கும் தோழி சிரித்துக்கொண்டே வந்தாள். செம்பூரில் இறங்க இருவரும் கதவருகே போய் நின்றபோது, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என் பொண்ணு உல்லாஸ்நகர்லதான் இருக்கா. எங்காத்துக் கம்ப்யூட்டரையும் அந்த மாதிரி பண்ணித் தருவானா உன் பிள்ளை?"