மலை எறிந்த பந்து

இளமையில் ஒரு கிரிக்கெட் பந்தை நூறு தப்படி தூரம் எறிந்தவன் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கல்வராயன் மலைச் சரிவில் நின்று கீழ்நோக்கி எறிந்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு கிரிக்கெட் பந்து. போலீஸ் வேலைக்கு அவள் பந்து எறிந்து காட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"எங்க வூட்டாண்ட எறிஞ்சா அவங்க கேக்கற தூரத்துக்கு மேலயே போவுதுக்கா. நேத்து கள்ளக்குறிச்சி கிரவுண்டுல எறிஞ்சா நாலு தப்படி கம்மி."

"உங்க வூட்டாண்ட ஏதுடி சமதரை?" என்றாள் மூத்தவள். "சரிவுல எறியற. பந்து விழலாம்னு வந்தா தரை கீழ எறங்கிப் போய்க்கினே இருக்குது. அதான் ஜாஸ்தி தூரம்."

"அப்ப இத்தினி நாளு எறிஞ்சது?"

"பாதி நீ எறிஞ்ச, பாதி மலை எறிஞ்சிச்சு."

இளையவள் பந்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். "அங்க தாழ எறிஞ்சாலே போயிடும். அதுக்கே கை பழகிடுச்சு. இனிமே தூக்கி எறியணும்."

"ஒரு வாரத்துல இன்னா பண்ணுவ?"

"திரும்பி நின்னு மேட்டைப் பாத்து எறியறேன். மேட்டுலயே அந்தத் தூரம் போச்சுன்னா சமதரை இன்னா பண்ணும்?"

"பந்து உங்கிட்டயே உருண்டு வந்துடும்டி."

"நல்லதுக்கா. எடுக்கப் போற வேலை மிச்சம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சரிவு விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"அதை எறிஞ்சிருக்கவே வேணாமே," என்றாள். "கீழ வெச்சிருந்தாலே அவ்ளோ தூரம் போயிருக்கும்."