நூத்தி நாப்பத்தி மூணு படமும் ஒரே முகமும்

"நீ எடுத்த எந்தப் படத்துலயும் நான் மனுஷனா இல்ல, பிடிபட்டவன் மாதிரி இருக்கேன்." இப்படியே சொன்னாரும்மா எங்க வீட்டுக்காரர்! ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. முப்பத்தி நாலு வருஷமா லைப்ரரியில 'உஷ்'னு சொல்லிச் சொல்லியே பேச்சு மறந்துபோன மனுஷன், இன்னிக்குக் காலையில வாயத் திறந்து என்கிட்ட சொன்ன மொத வாக்கியம் இது.

அந்த முனையை நல்லாப் பிடி. பெட்ஷீட்டைப் பிழியாமக் கொடியில போட்டா சாயங்காலம் வரைக்கும் சொட்டிக்கிட்டே இருக்கும். முறுக்கு... இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். பயப்படாதே, நான் ஒண்ணும் திட்ட வரல. சரி, திட்டத்தான் வந்தேன். ஆனா கூடமாட ஒத்தாசையும் பண்றேன்ல?

மாடி வீட்டுக்குக் குடிவந்து முழுசா மூணு வாரம் ஆகல. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரைப் படம் எடுத்துட்டே! அதுவும் போன்ல. அதுவும் இந்த மொட்டைமாடியில, தண்ணித்தொட்டி பக்கத்துல!

விஷயம் தெரியுமா உனக்கு? வெள்ளிக்கிழமையோட ரிடையர் ஆறார். தலைமை நூலகரா இருந்தவங்க படத்தையெல்லாம் அங்க ஹால்ல வரிசையா மாட்டியிருக்காங்க. ஒம்பது பேரு. ஒம்பதும் பல்வலிக்காரங்க மாதிரி இருக்கும். இவர் பத்தாவது. நம்ம ஆளாவது பாக்கிற மாதிரி இருக்கட்டும், அதுவும் நான் எடுத்த படமா இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன். தப்பா? இன்னிக்குப் பத்து மணிக்குள்ள குடுக்கணும். நீ எடுத்ததைப் பிரிண்ட் போட்டு, கவர்ல வெச்சு, கீழ ஷூ மாட்டிக்கிட்டிருக்கார்.

நான் ஆறு வாரம் போட்டோ கிளாஸுக்குப் போனவம்மா. சும்மா இல்ல. உச்சி வெயில்ல ஆளை நிக்க வெச்சா, கண்ணுக்குக் கீழ கிணறு தோண்டின மாதிரி நிழல் விழும். அதனால சன்னலோரமா, வெளிச்சம் ஒரு கன்னத்துல விழறாப்ல உக்கார வெச்சேன். கேமராவை மூஞ்சிகிட்ட கொண்டுபோனா மூக்குதான் முந்திக்கிட்டு வரும். அதுக்காக நாலடி பின்னால போய் ஜூம் பண்ணினேன். லென்ஸ் கண்ணு உயரத்துல இருக்கணும். நீ? கீழேருந்து எடுத்திருக்கே. மூக்குத் துவாரம் ரெண்டும் குகை மாதிரித் தெரியுது, உள்ள போய்க் குடித்தனம் பண்ணலாம்! பின்னால என்ன இருக்குன்னு பாத்தியா? தொட்டிக் குழாய் அவர் மண்டையிலேருந்து முளைச்சிருக்கு. அதுவும் கோணலா.

உதறு, உதறு. நாலு மூலையும் சேரட்டும்.

இவருக்குக் கண் சிமிட்டுற வியாதி வேற. அதுக்கும் வழி இருக்கு: கண்ணை மூடச் சொல்லி, மூணு எண்ணி, திறக்கிறப்ப எடுத்துடணும். மூடச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. தூங்கிட்டார்!

'இயல்பா இருங்க'ன்னு மட்டும் சொல்லவே கூடாது. சொன்னா கட்டை மாதிரி ஆயிடுவாங்க. நான் அதைச் சொல்லல. 'ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க'ன்னுதான் கேட்டேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும், அப்பதான் கேமராவை மறப்பாங்கன்னு கிளாஸ்ல வாத்தியார் சொன்னார். பேச எனக்கா சொல்லித்தரணும்? தாடையை முன்னால கொண்டு வாங்க... கோழி மாதிரி இல்ல... தோளைத் தளர்த்துங்க, தொப்பையைத் தளர்த்தச் சொல்லல... அந்தச் சட்டையை யார் போடச் சொன்னது... மூணு நாள்! நூத்தி நாப்பத்தி மூணு படம்!

உன் படத்துல வெளிச்சம் மட்டும் எப்படி இவ்வளவு பதமா வந்துச்சுன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். இப்பதான் புரியுது. இந்த வெள்ளை பெட்ஷீட்டு! பக்கத்துல காஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. வெயில் இதுல பட்டு அவர் மூஞ்சிக்குத் திரும்பியிருக்கு. நீ தெரிஞ்சா செஞ்சே? குருட்டு அதிர்ஷ்டம்!

ஆனா அந்தச் சிரிப்பு...

கடவாப்பல்லு தெரியச் சிரிக்கிறாரும்மா. அந்தப் பல்லை டாக்டரும் நீயும்தான் பாத்திருக்கீங்க. காலையில என் படம் அத்தனையையும் கம்ப்யூட்டர்ல வரிசையாப் போட்டுப் பாத்தேன். சட்டை மாறுது, சன்னல் மாறுது, நாற்காலி மாறுது. மூஞ்சி மாறல. அடுத்த திட்டு எப்ப விழுமோன்னு காத்துக்கிட்டிருக்கிற மூஞ்சி. கேமராவுக்குப் பின்னால நின்னது நான்தானே? அப்ப அது கேமராவைப் பாக்கிற மூஞ்சி இல்லையே. என்னைப் பாக்கிற மூஞ்சி. இருபத்தியாறு வருஷமா... விடு. சோப்புத்தண்ணி கண்ணுல பட்டுடுச்சு.

எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அப்படி என்ன சொல்லி அவரைச் சிரிக்க வெச்சே? நானும் அதையே சொல்றேன். எழுதிவெச்சுப் படிக்கிறேன்.

என்னது? நீ ஒண்ணும் சொல்லலையா?

அவர்தான் பேசிக்கிட்டிருந்தாரா? இவரா! எங்க இவரா? எதைப் பத்தி?

...என்னைப் பத்தியா?

எப்படி? 'தாடையை முன்னால கொண்டு வாங்க'ன்னா? என் குரல்லயா? நடிச்சே காட்டினாரா! இரு, இரு, கிளிப்பைக் கீழ வை. அந்தப் படத்துல இடுப்புல ஒரு கையை ஊனிக்கிட்டு, இன்னொரு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரே... அது நானா?

அடப்பாவி மனுஷா! அதையா லைப்ரரிச் சுவத்துல மாட்டப் போறாங்க? அந்த ஒம்பது பேருக்கு நடுவுல நானா நிக்கப் போறேன்?

சிரிக்காதே. நீ சிரிச்சா எனக்கும் வருது. நல்லாச் செஞ்சாரா? என்னை மாதிரியே இருந்துச்சா?

ஏங்க! கிளம்பிட்டீங்களா? ஏங்க, ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போங்க! கேமரா இல்ல, கையில ஒண்ணும் இல்ல, பாருங்க! நான் வாயே திறக்கல... இந்தப் பொண்ணுகிட்ட செஞ்சு காட்டினீங்களாமே, அதை எனக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்... ஏங்க?