அரை வாட்

“ஒரு வாட்டா அஞ்சு வாட்டா, அத மொதல்ல முடிவு பண்ணு லே. எங்க உசுர எடுக்காத.”

பஞ்சு சொல்லிவிட்டு நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தான். தாராவியில் அந்தச் சந்து முழுக்கக் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோல் பட்டறையின் மேல்தட்டில் மூன்று பேர், நடுவில் ஒரு செல்போன் வெளிச்சம். கீழே அடுக்கிய தோல்களின் வாடை ஏணி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. தகரத்தில் மழை.

ராஹில் பட்டறைக்காரரின் மகன். கிடார் வாசிப்பவன். கண்ணாடி டியூப் வைத்து கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி ஒன்று வாங்கியே தீருவது என்று ஒரு மாதமாக நண்பன் பஞ்சுவையும் தங்கை ஜோயாவையும் அரித்துக்கொண்டிருந்தான். புதியதில் ஒரு வாட் பெட்டி ஒன்று கைக்கு எட்டும் விலையில் இருந்தது. பழையதில் ஐந்து வாட் ஒன்று அதைவிட மலிவாக வந்திருந்தது.

ஜோயா சிரித்தாள். “என் மிக்ஸி ஐந்நூறு வாட் பையா. ஒரு வாட்டுக்கா இவ்வளவு பேச்சு?”

டியூப்பில் ஒரு வாட்டே இந்த அறைக்கு அதிகம் என்றான் ராஹில். சத்தக் குமிழை முழுசாகத் திருப்பினால்தான் டியூப் கொதித்து, தகரம் கிழிகிற மாதிரி அந்தச் சத்தம் வரும். பெரிய ஆம்பை வீட்டில் அப்படித் திருப்பினால் பக்கத்து வீட்டுக்காரன் செருப்போடு வருவான். வாட் குறையக் குறையப் பயமில்லாமல் திருப்பலாம். அந்தப் பழைய பெட்டியில் பின்பக்கம் ஒரு சுவிட்சே இருக்கிறது, தட்டினால் ஐந்து வாட் அரை வாட்டாக இறங்கிவிடும்...

பஞ்சு நிமிர்ந்தான். “சுவிட்ச் இருக்கா?”

“ஏன்?”

“எங்க பெரியம்மை மவன் பேச்சிராஜா. மான்குர்த்துல இருக்கான்லா.”

“கல்யாண ஆர்கெஸ்ட்ரால கிடார் வாசிப்பாரே.”

“வாசிச்சான்,” என்றான் பஞ்சு.

ஜோயா காலை மடக்கி அண்ணன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

போன வருஷம் ஜூலை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மான்குர்த் ஸ்டேஷனைத் தாண்டிச் சதுப்பு ஓரமாக ஒரு சாலை போகிறது. மழை விட்டு வெயில் காய்ந்த நேரம். ஆள் இல்லை. ஒரு ரிக்‌ஷா இல்லை. பேச்சிராஜா நீல பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய சாமான் கடையில் எடுத்தது. செம்பூரில் யாரோ வீட்டை மொத்தமாகக் காலி பண்ணிக் கொடுத்தார்களாம்... அடுப்பு, கட்டில், திரைச்சீலை, இது.

அந்தப் பெட்டிக்குள் எதிரொலிக்காகச் சுருள் கம்பிகள் கட்டியிருக்கும். அடி வைக்கும்போதெல்லாம் அவை மோதின. கிளிங்... கிளிங்... கை வலித்தது. பெட்டியைச் சாலையோரம் இறக்கி வைத்தான். வியர்வையைத் துடைத்தான்.

கிளிங்.

பெட்டி தரையில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

கிளிங்... கிளிங்.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சதுப்பில் ஒரு புல் அசையவில்லை.

வீடு ஏழாவது மாடியில், ஒரே அறை. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் மகாதேவன் வீட்டுச் சுவர். மகாதேவன் கிரில் பட்டறையில் வெல்டர். அவர் மனைவி செண்பகவல்லி, பேச்சிராஜாவின் மனைவி கீதாவுக்கு அக்கா மாதிரி. மாவு, தயிர், சாவி எல்லாம் அந்த இரண்டு வாசலுக்கும் நடுவே போய்வரும். கல்யாண சீசனுக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ராவில் முதல் கிடார் இடம் காலியாகப் போகிறது, அதற்கு வீட்டிலேயே கையைத் தேற்றிக்கொள்ள வேண்டும்... பேச்சிராஜாவுக்கு வேண்டியது அதுதான். அதற்காக அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள அவன் தயாராக இல்லை. அதனால்தான் சுவிட்ச் வைத்த பெட்டியாகத் தேடி எடுத்தான்.

அரை வாட்டில் போட்டான். குமிழ் ஒன்றாம் எண்ணில். டியூப் மெதுவாகச் சிவந்தது. முதலில் தூசி காய்கிற வாசனை. அப்புறம் தேங்காய் எண்ணெய் தீய்கிற வாசனை... தலைமுடியோடு சேர்ந்து தீய்கிற மாதிரி. வாசித்தான். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கீதாவுக்கு அடுத்த வீட்டுக் குக்கர் விசில் கிடாரைவிட நன்றாகக் கேட்டது. “இதுக்காய்யா இவ்வளவு தூரம் சொமந்தீக?” என்றாள்.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் செண்பகவல்லி அவனிடம் பேசவில்லை. கீதாவின் கையைப் பிடித்து, வளையலைத் தள்ளி மணிக்கட்டைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கீதா வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

அன்று மாலை குமிழை ஒன்றுக்கும் கீழே இறக்கி வாசித்தான்.

மூன்றாம் நாளும் வாசித்துவிட்டு இறங்கும்போது படிக்கட்டில் மகாதேவன் வழிமறித்தார். பத்து வருஷமாக ‘தம்பி’ என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லாத மனுஷன், சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். இரும்பு தீய்ந்த வாடை அவர் மேல் அடித்தது.

“இன்னொரு தரம் கேட்டுச்சு, கைய ஒடிச்சிருவேன்.”

பேச்சிராஜாவுக்கு அவமானமாக இருந்தது. இந்தச் சின்னச் சத்தத்துக்கா? ஆனாலும் பணிந்தே பேசினான்.

“இனிமே வெளிய கேக்காதுண்ணே. நான் பாத்துக்கிடுதேன்.”

மகாதேவனின் முகம் வெளுத்ததை அவன் கவனிக்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஒரு தலையணையை ஆம்பின் ஸ்பீக்கர் மேல் வைத்து அழுத்தி, பெல்ட்டால் இறுக்கிக் கட்டினான். அரை வாட், குமிழ் ஒன்றுக்கும் கீழே, அதற்கு மேல் தலையணை. தன் மூச்சுக்குக் கீழே கேட்டது கிடார். கீதா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்படியே பாதிப் பாட்டு போயிருக்கும்...

கதவு உள்ளே விழுந்தது. தாழ்ப்பாள் தெறித்து அடுப்படியில் போய் மோதியது. மகாதேவன், பின்னால் பட்டறை ஆட்கள் இரண்டு பேர், கையில் கிரில் கம்பி. பேச்சிராஜா எழுந்திருக்கக்கூட இல்லை. முதல் அடி இடது கையில் இறங்கியது. விரல்கள் அப்போது கிடார் கம்பிகளின் மேல் இருந்தன. கிடாரின் கழுத்தும் விரல் எலும்புகளும் ஒன்றாக ஒடிந்தன. அந்த ஒரு சத்தம் மட்டும் ஆம்பில், தலையணையைக் கிழிக்கிற மாதிரி வந்தது. இரண்டாவது அடி முழங்கையில். மூன்றாவது வாயில்... பல் ஒன்று பாத்திரத்தில் விழுந்து ‘டிங்’ என்றது. “பொம்பளப் புள்ளையவா அடிக்க?” என்று அழுதுகொண்டே அடித்தார் மகாதேவன்.

கீதா கத்தினாள். “என்னைய யாரும் அடிக்கல! அண்ணே, யாரும் அடிக்கல!” கையில் கொத்தமல்லிக் கட்டு அப்படியே இருந்தது. செண்பகவல்லி அவளைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தாள். பயப்படாதே, இனிமேல் பொய் சொல்ல வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அவங்க என்னத்தக் கேட்டாங்க?” என்றாள் ஜோயா. மழை கொஞ்சம் தணிந்தது. கீழே தோல் அடுக்கு சரிந்து ஒரு சத்தம். மூன்று பேரும் ஏணியைப் பார்த்தார்கள். பிறகு பஞ்சு, இன்னும் மெதுவாக, விட்ட இடத்திலிருந்து சொன்னான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கீதாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பார்த்தாள். செண்பகவல்லியும் கூடப் போனாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பழைய தழும்பு ஒன்றும் இல்லை. செண்பகவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரலில் இரண்டு இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். பேச்சிராஜா கட்டுப் போட்ட கையோடு வீடு திரும்பிய அன்றைக்கு மகாதேவன் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. தூங்கிப் பல நாள் ஆன கண். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

மூன்று நாளும் ஒரு பெண் பிள்ளை அடிபடுகிற சத்தம் என்றார். தன் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்கிற அளவுக்கு. நாலாம் நாள் அவள் வாயை எதையோ வைத்து அழுத்துகிறார்கள்... மூச்சு திணறுகிறது... அதற்குப் பிறகுதான் கம்பியை எடுத்தேன் என்றார்.

பேச்சிராஜா நம்பவில்லை. கையைக் கெடுத்தவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தான். போட்டுப் பார்த்துவிடலாம் என்றான்.

மதியம் பன்னிரண்டு மணி. ஜன்னல் நிறைய வெளிச்சம். கீதா இந்தப் பக்கம் ஆம்ப் முன்னால். கிடார்தான் ஒடிந்துபோயிற்றே, பெட்டியில் ஒன்றும் சொருகவில்லை. பேச்சிராஜா மகாதேவன் வீட்டுக்குள் போனான். மகாதேவனும் செண்பகவல்லியும் உள்ளே வர மாட்டோம் என்று வராந்தாவிலேயே நின்றுகொண்டார்கள். அவன் வலது காதில் போன், இடது காது சுவரில். சுவர் சில்லென்று இருந்தது.

“போட்டுட்டேன்,” என்றாள் கீதா போனில். “அரை வாட்டுலதான். டியூப் எரியுது. ஒரு சத்தமும் இல்லைங்க.”

சுவரில் முதலில் வந்தது ஒரு தந்தி. யாரோ கிடாரைச் சுருதி சேர்க்கிறார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல். அப்புறம் ஓர் அடி, ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. மறுபடியும் தந்தி, கொஞ்சம் முறுக்கி. மறுபடியும் அடி. எதுவோ ஒடிந்தது... ஆணின் குரல் ஒரு முறைகூட இல்லை. அடிபடுகிறவள்தான், அம்மா, அம்மா என்று. அப்புறம் அந்தச் சொல்லும் இல்லாமல் வெறும் தொண்டை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கின. தேங்காய் எண்ணெய் தீய்கிற வாடை சுவர் வழியாக வந்தது.

“கேக்குதா? இங்க ஒண்ணுமே இல்ல,” என்றாள் கீதா.

அவனுக்கு மூச்சு வாங்கியது.

சுவருக்குள் எல்லாம் நின்றது. தந்தியும் நின்றது. ஏதோ தரையில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். நெருங்கி... இன்னும் நெருங்கி... அவன் காது வைத்திருந்த இடத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. உடைந்த வாயால் பேசுகிற குரல், மிக மெதுவாக.

“அந்தப் பக்கம் ஆள் இருக்கீங்க... மூச்சு கேக்குது. ஒரே ஒரு தரம் சுவத்தத் தட்டுங்களேன். யாரோ கேக்காங்கன்னு தெரிஞ்சா அவர் விட்ருவாரு...”