அஜித்குமாருக்கு நான் கொடுத்த மாத்திரை

மாத்திரை கொடுப்பதில் நான் நேரம் தவறியதே இல்லை, டாக்டரம்மா. காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. என் மகன் அஜித்குமார் கையை நீட்டி வாங்கி, மறுபேச்சில்லாமல் விழுங்குவான்.

நீங்கள் முதலில் எழுதிக் கொடுத்தது நல்ல மருந்துதான். அவன் காதில் கேட்ட குரல்கள் பத்தே நாளில் ஓய்ந்தன. ஆனால் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தான். எங்கள் குப்பத்தில் ஏரியில் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை உண்டு. பாடு என்போம். அவன் அப்பாவின் பாடு அவன் பேருக்கு வந்திருந்தது. இரண்டு பாடு தவறின, எழுப்பியும் எழவில்லை. மூன்றாவதும் தவறினால் பேரை எடுத்துவிடுவார்கள், பைத்தியம் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால் உங்கள் மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுத்தேன். அந்தப் பாடு முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் சிரித்தான். மாற்ற மனசு வரவில்லை.

குரல்கள் திரும்பி வந்தன. நான்கு தடவை உங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தோம். ஊரில் வலிப்பு என்று சொல்லிவைத்தேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள். சாப்பிடுகிறான் என்றேன். நீங்கள் வீரியத்தைக் கூட்டினீர்கள். மனநல வார்டில் நர்ஸ் கையால் வாங்கிச் சாப்பிட்டபோது தேறுவான், வீட்டுக்கு வந்ததும் கெடுவான். வீட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களிடம் நானே சொன்னேன்.

போன மாதம் என் மடியில் தலை வைத்துக் கேட்டான்.

"இம்மாம் மாத்திர துன்னும் சரியாவலியேம்மா. அப்போ எனக்கு எந்த மருந்தும் கேக்காதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் விடிந்தால் ஏரியில் அவன் பாடு. பேசாமல் படு என்று தலையைக் கோதிவிட்டேன். மறுநாள் ஏரியில் அவன் பாட்டை முடித்தான், வலையை அலசிக் காயப்போட்டான், அன்று சாயங்காலமே உயிரை மாய்த்துக்கொண்டான்.

கடைசியாக உங்கள் முன்னால் அவனைக் கிடத்தியபோது, எங்கள் மருந்து தோற்றுவிட்டதம்மா என்று நீங்கள் கண் கலங்கினீர்கள். உங்களைத் தேற்றியது நான். அதை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது.

உங்கள் மருந்து தோற்கவில்லை. வீட்டில் அது அவன் வாய்க்குள் போகவே இல்லை. என் பிள்ளையைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: செத்த அன்றுகூட எங்கள் குப்பத்தில் ஒருவரும் அவனைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.