தங்கம்மா வூட்டுக்காரன்

இல்ல தம்பி, வண்டியெல்லாம் இருக்குது. தோ, அந்த வேப்பமரத்தடியில நிக்குது பாருங்க, அதான் நம்ம டிவிஎஸ். பையக் குடுங்க இப்பிடி. சர்ச்சு எங்க ஓடிப்போவப் போவுது? ஜங்ஷன்லேருந்து பத்து நிமிஷம். செத்த ஒக்காருங்க, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவலாம். கொளஞ்சி, ரெண்டு டீ. தம்பிக்கு சக்கர கம்மியா. மெட்ராஸ்காரங்க எல்லாருக்கும் இப்ப சக்கர கம்மிதான்.

என்ன அடையாளம் தெரியலையா ஒங்களுக்கு? போன வருஷம் நீங்க அந்த ஆர்கன வேனுல கொண்டாந்து எறக்கினீங்களே, அப்ப ஓரமா நின்னுக்கிட்டு, நெலையில இடிக்காதீங்க, சுவத்துல ஒரசாதீங்கன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்த கெழவன் நான்தான். ஆனந்தராஜ். என்னாது? தங்கம்மா வூட்டுக்காரரான்னா கேக்குறீங்க?

ஆமாம். அதேதான். பாருங்க தம்பி, கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ஊருல அவள ஆனந்தராஜ் பொண்டாட்டின்னுதான் சொல்லுவாங்க. அவ பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க ஆர்கன் கொண்டாந்து வச்சு ஒரு வருஷம் ஆவல, நான் தங்கம்மா வூட்டுக்காரன் ஆயிட்டேன். பரவால்ல, குடிங்க, டீ ஆறிப்போவுது.

ரிப்பேரு பெருசா ஒண்ணுமில்ல. கீழ படுக்கப் போட்ட ஏணி மாதிரி நீட்டுநீட்டாக் கட்டை இருக்குது பாருங்க, கால்கட்டை, அதுல இடது பக்கத்துல நாலஞ்சு பேச மாட்டேங்குது. மிதிச்சா ஊமை. கையால வாசிக்கிறதுக்கு ஒரு கொறையும் இல்ல. எலியாத்தான் இருக்கும். எங்க சர்ச்சு எலி சாதாரண எலி இல்ல தம்பி, பொங்கலுக்குக் கரும்பு தின்னு வளர்ந்தது. பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டரு நம்ம ரோட்டுலதான் போவும், பின்னாடி தொங்குற கரும்ப இதுங்க ரெண்டு ரெண்டாச் சேந்து இழுத்து எறக்கும். நான் கண்ணால பாத்துருக்கேன்.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? நான் கைய வைக்கல. ஒங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும்னு தெரியும், எங்க வூட்டுலயே வந்துச்சு. தட்டுல சோத்தப் போட்டுட்டு, நீங்க ஒண்ணும் பண்ணலியேன்னு கேட்டா. கை கழுவிட்டு எழுந்துட்டேன். ஒயரு எது சுச்சு எதுன்னு தெரியாதவன் நானு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காத்து. ஒங்க ஆர்கன் வர்றவரைக்கும் சர்ச்சுல இருந்தது கால் ஆர்மோனியம், தெரியுமில்ல? நீங்க மிஷினுக்காரரு, தெரியாம இருக்காது. இருந்தாலும் சொல்றேன். அதுல கீழ ரெண்டு பலக இருக்கும். எடது வலது எடது வலதுன்னு மாத்தி மாத்தி மிதிச்சிக்கிட்டே இருக்கணும், மிதிச்சாதான் காத்து, காத்து இருந்தாதான் சத்தம். காலுக்கு சுரம் கெடையாது. சுரமெல்லாம் கையில. பகல்ல செராமிக் எஸ்டேட்டுல சூளை வேல, ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டி. என்ன வுட்டா அதத் தொட ஆளு கெடையாது.

ஒரு கிறிஸ்மஸ்ல நடந்ததச் சொல்றேன், நம்புனா நம்புங்க. பவனி வந்து கோயிலு நெறைய சனம், கீர்த்தனை உச்சத்துக்குப் போயிருச்சு, எனக்கும் வேகம் வந்துருச்சு. மிதிச்ச மிதியில காத்து கூடிப்போயி பொட்டி தரைய வுட்டு ஒரு மொழம் எழும்பிருச்சு. நான் அந்தரத்துல நிக்கிற பொட்டியில வாசிக்கிறேன். தங்கம்மாதான் ஓடியாந்து ரெண்டு கையாலயும் அழுத்தித் தரையில ஒக்கார வச்சா. சிரிங்க சிரிங்க. அன்னிக்குப் பாத்தவங்க ரெண்டு பேரு இருந்தாங்க, ரெண்டு பேரும் கர்த்தருக்குள்ள போயிட்டாங்க.

அப்பிடி மிதிச்ச காலு தம்பி இது. அதுதான் எனக்கு வென.

நீங்க மாட்டிட்டுப் போன அடுத்த ஞாயிறு என்ன நடந்துச்சுன்னு ஒங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் வெள்ள சட்ட போட்டுக்கிட்டுப் போயி ஒக்காந்தேன். கைய வச்சேன். கை வச்ச ஒடனே இந்தக் காலு ரெண்டும் என்னக் கேக்காம மிதிக்க ஆரம்பிச்சிருச்சு. எடது வலது எடது வலது. அதுல ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரம்னு காலுக்கு எப்பிடித் தெரியும்? மேல கீர்த்தனை போவுது, கீழ பூம் பாம், பூம் பாம்னு சாவு மோளம் கேக்குது. நிறுத்துடான்னா காலு நிக்கல. மொதல் வரிசையில ஒக்காந்திருந்த எங்க சம்பந்தியம்மா அன்புக்கரசி வாயில முந்தானைய வச்சிக்கிட்டாங்க. பாட்டு முடியறவரைக்கும் சனம் குலுங்கிச்சு. போதகரய்யா நல்ல மனுஷன், ஆண்டவர் கெம்பீர சத்தத்தையும் ஏத்துக்குவாருன்னு சொன்னாரு. அதுக்கு அவரு சிரிச்சிருக்கலாம்.

அப்பறம் என்ன, காலத் தூக்கி பெஞ்சோட குறுக்குக் கம்பி மேல வச்சிக்கிட்டு கையால மட்டும் வாசிச்சிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் போச்சு. இவ சனிக்கெழம சனிக்கெழம பூவு வைக்க, தொடைக்கப் போவா. நீங்க நம்பரு எழுதி ஒட்டிட்டுப் போயிருந்தீங்களே ஆர்கன் முதுவுல, ரிப்பேருன்னா கூப்புடுங்கன்னு. கூப்புட்டிருக்கா. ரிப்பேருக்கு இல்ல. தம்பி, இந்தக் கால்கட்டைய எப்பிடி மிதிக்கிறதுன்னு கேட்டிருக்கா. நீங்களும் வேலவெட்டி இல்லாத மாதிரி வீடியோவுல சொல்லிக் குடுத்திருக்கீங்க.

தப்புன்னு சொல்லல. தப்புன்னு சொன்னேனா? அரிசி டின்னு மேல செல்போனச் சாச்சு வச்சிக்கிட்டு, கீழ கட்டைக்குப் பதிலாக் கோணியப் போட்டு, அடுப்படியிலயே கத்துக்கிட்டா. கீழ குனிஞ்சு பாக்காதீங்கம்மா, மொழங்கால் ரெண்டையும் சேத்து வைங்கம்மான்னு ஒங்க கொரலு கூடம் வரைக்கும் கேக்கும். எதச் சொன்னாலும் ஒங்க பேருதான், பாரி தம்பி. ரசத்துல உப்பு இல்லியேன்னா, பாரி தம்பி அவசரப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்கறா. மெல்லிசா அடி இருக்கற செருப்பு வேணும்னு நீங்க ஒரு நாளு சொன்னீங்க பாருங்க, பேத்தி மதிவதனியோட கருப்பு ஸ்கூலு ஷூவ வாங்கி மாட்டிக்கிட்டா. சேலைக்குக் கீழ ஸ்கூலு ஷூ. நான் ஒரு கடிகாரம் வாங்கியாந்து குடுத்ததுக்கு, வயசான காலத்துல எதுக்குங்கன்னு பீரோவுல வச்சவ. மத்தியானம் சாப்ட்டுப் படுத்தா தூக்கத்துல என் மொழங்கால் மேல வாசிக்கிறா தம்பி. வலிக்குது.

ஆனா ஞாயித்துக்கெழம அவ ஒக்காருவான்னு நான் நெனைக்கல. அன்னிக்கு நான் பெண்ணாடத்துல ஒரு சாவுக்குப் போயிருந்தேன். பஸ்ஸு கெடைக்காம லேட்டா வந்து சர்ச்சு கேட்டாண்ட எறங்குறேன், உள்ளேருந்து சத்தம் வருது. மேல கீர்த்தனை. கீழ ஒரு சத்தம், அது எப்பிடிச் சொல்றது, மழைக்கு முன்னாடி தரை உறுமுமே, அப்பிடி. பெருசா, நிதானமா, ஒரு அடி கூட எடறாம நடந்து போற மாதிரி. நான் நீங்கதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். சத்தியமா. மெட்ராஸ்லேருந்து ஆளு வந்தாச்சு, நம்ம சோலி முடிஞ்சுதுன்னுதான் உள்ள போனேன். போனா, முந்தானைய இடுப்புல சொருவிக்கிட்டு இவ.

கை நான் சொல்லிக் குடுத்த கை. கல்யாணமான புதுசுல, எங்கப்பாவுக்குத் தெரியாம, ஒவ்வொரு வெரலாப் புடிச்சு வச்சு சொல்லிக் குடுத்தது. காலு நீங்க சொல்லிக் குடுத்த காலு. சனம் எதக் கேட்டுச்சு தெரியுமா? காலத்தான்.

இப்ப யாரு பக்கத்துல நின்னு ஏடு திருப்புறதுன்னு கேளுங்க. நான். அத்தன வருஷமா அவ எனக்குத் திருப்புனா. அவ நிக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது, ஏடு தானாத் திரும்புதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் போல. இப்ப நான் நிக்கிறேன். அவ மொகத்தப் பாத்திருக்கீங்களா வாசிக்கறப்ப? வீடியோவுல காலத்தான காட்டியிருப்பா. நான் பாக்குறேன் தம்பி. என்னயும் பாக்க மாட்டா, ஏட்டையும் பாக்க மாட்டா, சனத்தையும் பாக்க மாட்டா. எங்கியோ போயிடுவா. அங்க எனக்கு எடம் கெடையாது. மருமவ வந்து இவ அவளையே சுத்திக்கிட்டிருந்தப்ப கூட எனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் வந்ததில்ல, ஒரு மரக்கட்டைய மிதிக்கிறதுக்கு வருது.

மல்லாட்டை சாப்புடுறீங்களா? வறுத்தது. நீங்க வேர்க்கடலைம்பீங்க. சாப்புடுங்க.

விசயத்துக்கு வரேன். வர்ற ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிக, சர்ச்சு கட்டித் தொறந்த நாளு. கடலூருலேருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. போதகரய்யா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொல்லிட்டாரு, கையும் காலும் சேத்து யாரு வாசிக்கிறாங்களோ அவங்கதான் பண்டிகைக்கு ஒக்காரணும், சனிக்கெழம சாயங்காலம் வந்து நான் கேக்குறேன்னு. பாதிக் கட்டை ஊமையாக் கெடந்தா காலே தேவையில்ல, கை போதும். அதனால நான் என்ன சொல்றேன்னா, நீங்க தொறந்து பாத்துட்டு, சாமான் இங்க கெடைக்காது, மெட்ராஸுக்கு எழுதிப் போடணும், பண்டிக கழிச்சுப் பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போவுது?

சொல்ல மாட்டீங்க. சரி.

எனக்காவச் சொல்லல தம்பி, ஊருக்காவச் சொல்றேன். அந்த எடது கோடி அடிக்கட்டை மூணையும் அவ சேந்தாப்புல மிதிச்சா செராமிக் எஸ்டேட்டு வரைக்கும் அதிருது. சுடாத பச்சப் பொம்மையெல்லாம் பலகையில நகந்து போவுது. ஒரு ஞாயிறு சூளையத் தொறந்தா உள்ள இருந்த கொலுச் செட்டியாரு பொம்மைக்கெல்லாம் வயித்துல கீறலு. வாங்குறவன் என்னடா இது ஆபரேஷன் பண்ண செட்டியாராங்கறான். ஞாயித்துக்கெழம சூளை தொறக்க மாட்டாங்களா? அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஓ, தங்கம்மா சொன்னாளா. எங்க சூளை லீவு வரைக்கும் ஒங்ககிட்ட சொல்லியிருக்கா.

ரிப்பேரு பண்ணிடுவீங்க. ஒங்க வேல அது. நான் குறுக்க நிக்கல. ஒயரு வுட்டுப்போயிருந்தா ஒரு மணி நேர வேலங்கறீங்க. சரி. நல்லது.

அவகிட்டயே கத்துக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அவளும் கேட்டா. கம்பி மேல காலத் தூக்கி வச்சிக்கிட்டு நான் ஒக்காந்திருந்தப்ப பக்கத்துல வந்து, வாங்க, நான் புடிச்சு வச்சுச் சொல்லித்தரேன், யாருக்கும் தெரியாதுன்னா. என் கணுக்கால்ல கையும் வச்சிட்டா. நான் வெடுக்குனு இழுத்துக்கிட்டேன். ஒனக்கு சரிகம சொல்லிக் குடுத்தவன்டி நானுன்னேன். அவ கையத் தொடச்சிக்கிட்டுப் போயிட்டா. அப்பறம் கேக்கவே இல்ல. நான் நாலு நாளு பொறுத்து, இன்னொரு தடவ கேப்பான்னு அந்த பெஞ்சுலயே போயிப் போயி ஒக்காந்து பாத்தேன். கேக்கல தம்பி.

இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு காலையிலயே கடைக்குப் போயி வெரால் மீனு வாங்கியாந்திருக்கா. உசுரோட. எனக்கு என்னிக்கும் கானாங்கெளுத்திதான். இப்ப கொழம்பு கொதிச்சிக்கிட்டிருக்கும். வாசல்ல நின்னு ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருப்பா, என்ன இல்ல.

ஏன் அந்தப் பக்கம் பாக்குறீங்க? ஆட்டோவா? அது வராது. ஒங்களுக்குப் போதகரய்யா ஆட்டோக்காரத் தமிழ்ச்செல்வனத்தான் சொல்லி வச்சிருந்தாரு, என்ன யாரும் அனுப்பல. ரயிலு ஒரு மணி நேரம் லேட்டுன்னு நான்தான் அவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். கோவிச்சுக்காதீங்க. பைய நான் எடுத்துக்கிட்டு ஓடிட மாட்டேன், தோ பெஞ்சு மேலதான் இருக்குது.

கொளஞ்சிக்கும் தெரியும். அவன் திரும்பிக்குவான், அவன் நம்ம ஆளு. செத்த குனிஞ்சு இந்த மேசைக்குக் கீழ பாருங்க. வெள்ளக் களிமண்ணுக் கட்டியால கால்கட்டை மாதிரியே கோடு போட்டு வச்சிருக்கேன். சர்ச்சுல யாரும் இல்லாதப்ப சாணு வச்சு அளந்தது. அகலம் சரியா இருக்குதா? கருப்புக் கட்டைக்கு மட்டும் செங்கச் சில்லு வச்சிருக்கேன், மேடா இருக்கணுமில்ல.

செருப்பக் கழட்டிட்டேன் தம்பி. இந்தக் காலு சும்மா நிக்காது, நீங்க அந்த வலது மொழங்காலக் கையால அழுத்திப் புடிச்சிக்கிங்க. ம். சொல்லுங்க, மொதல்ல குதிகாலா, பெருவெரலா?