நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்

— அசையாதீங்க சார், அப்படியே உட்கார்ந்திருங்க. எத்தனை நிமிஷமாச்சுன்னு இந்தப் படிவத்துல எழுதணும்.

— நாற்பது, சிஸ்டர். சுவர்க் கடிகாரத்தையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன். மூணு வருஷத்துல நான் ஒரு நாற்காலியில நாற்பது நிமிஷம் இருந்ததே இல்லை.

— வலி, பத்துக்கு எவ்வளவு?

— ஒண்ணு. அதுவும் பழக்கதோஷத்துல சொல்றேன்.

— போன மாசம் பதினொண்ணுன்னீங்க. பத்துக்கு மேல கட்டம் இல்லை சார்னா, புதுசா ஒண்ணு போடுங்கன்னு அதட்டினீங்க.

— கண்ணாடிச் சில்லைப் பரப்பி அது மேல உட்கார வெச்சா நீங்களும் அதட்டுவீங்க. ஆமா, எனக்கு ஏத்தின அந்தச் சோதனை மருந்து, அந்தத் துகள், என்ன அளவு இருக்கும்?

— ஒரு தலைமுடியோட அகலத்துல ஆயிரத்தை வரிசையா நிக்க வைக்கலாம்.

— ஆயிரமா! என் தலையில மிச்சமிருக்கிறதுக்கே ஒரு படை வரும் போலிருக்கே. அத்தனூண்டுக்கு வழி எப்படித் தெரியுது?

— தெரியாது சார். ரத்தத்தோட சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். உங்க ப்ராஸ்டேட் வீங்கிக் கிடக்குல்ல, அங்க ரத்தக்குழாய் லேசா கசியும். அது வழியா வெளிய வந்து, அங்கேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும்.

— அடேயப்பா! சிபாரிசு இல்லை, சீட்டு இல்லை, தானா சரியான இடத்துக்குப் போய்ச் சேருது. எங்க ஆபீஸ்ல ஒரு கடுதாசி பக்கத்து அறைக்குப் போக ஆறு வாரமாகும்.

— அங்க இப்பவும் நின்னுக்கிட்டுதான் வேலையா?

— வெளிய சொல்லிடாதீங்க. உட்கார முடியாமதான் நின்னேன். பார்த்தவங்க கடமை உணர்ச்சின்னாங்க, பத்திரிகையில படம் போட்டாங்க. அப்புறம் எந்த வாயால உண்மையைச் சொல்றது? ஆபீஸ்ல இருந்த அத்தனை நாற்காலியையும் தூக்கச் சொல்லிட்டேன். முப்பது பேர் என்னால கால் வீங்கி நிக்கிறாங்க.

— அடப் பாவமே. ஃபைல் எல்லாம் எப்படிப் படிப்பீங்க?

— நின்னுக்கிட்டு யாரால படிக்க முடியும்? முதல் பக்கம், கடைசிப் பக்கம், கையெழுத்து. அதை விடுங்க, ரெண்டாவது ஊசி எப்போ?

— அதை எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலேர்ந்து தவிக்கிறேன். இனிமே ஊசி இல்லை சார்.

— இல்லைன்னா?

— ஒரு ஊசி மூணு மாசம்தான் தாங்கும்னு டாக்டர் முதல்லயே சொன்னாரில்ல? மேற்கொண்டு போட அரசாங்கத்துக்கிட்ட அனுமதி கேட்டிருந்தோம். நூத்தி நாற்பது பக்கம். இன்னைக்குத் திரும்பி வந்திடுச்சு. 'ஆதாரம் போதாது.' அவ்வளவுதான் எழுதியிருக்கு.

— அப்போ என் வலி...

— திரும்ப வரலாம்.

— யாரு அந்த மேதாவி? படிச்சுப் பார்த்தா தெரியாதா? ஒரு மனுஷன் நாற்பது நிமிஷமா உட்கார்ந்திருக்கேன், இதை விட என்ன ஆதாரம் வேணும்? பேரைச் சொல்லுங்க, நான் கிழிக்கிறேன்.

— பேர் தெரியலை சார், ஒரே கிறுக்கல். ஃபைலை வாங்கிட்டு வந்த எங்க ஆளு கால் கடுக்க நின்னிருக்கான். அந்த ஆபீஸ்ல உட்கார ஒரு நாற்காலி கூட கிடையாதாம்.

— நாற்காலி கிடையாதா? ஒண்ணு கூடவா?

— சார்? ஏன் எழுந்துட்டீங்க? வலிக்குதா?

— பதினொண்ணு, சிஸ்டர். அந்தக் கட்டத்தைப் போட்டுடுங்க. போட்டுட்டு, ஃபைலைக் கொண்டாங்க. உட்கார்ந்து படிக்கிறேன்.