தாளாளர் படம் சுருங்கலாகாது

அவைக்குத் தலைமை தாங்கும் தாளாளர் அவர்களே, அவர் தலையசைக்கும் திசையிலேயே தலையசைக்கும் ஆட்சிக்குழுப் பெரியோர்களே, பிள்ளை என்ன படிக்கிறது என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் தாய்மார்களே, சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அரசுகள் கவிழ்ந்த நாட்களை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. இணையப் பக்கத்தில் தாளாளர் படம் எந்தத் திரையிலும் சுருங்கலாகாது, அசையவும் ஆகாது என்று இந்த ஆட்சிக்குழு ஒருமனதாகத் தீர்மானித்த நாளையும் அது குறித்துக்கொள்ளட்டும்.

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பக்கத்தைக் கணினியில் விரியவும் கையடக்கப் போனில் ஒடுங்கவும் செய்யக் கற்றுத்தரும் படிப்பு இது. எழுத்து ஒடுங்கும். பட்டியல் ஒடுங்கும். எது ஒடுங்காது? பதவி ஒடுங்காது. கைதட்ட வேண்டாம், நேரம் குறைவு.

மாணவர்களின் இறுதிப் பணி, நம் அறக்கட்டளை மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு முறை பதியும் பக்கம். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் போனுக்குத் தடை. ஆகவே போனுக்கான பக்கம் பெரிய திரையில் மட்டுமே சரிபார்க்கப்பட்டது. ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை தையல்காரர். அங்கே டயாலிசிஸ் செய்துகொள்பவர்.

"சார், படம் சுருங்கலைன்னா போன்ல பாதிப் பக்கம் வெளிய போயிடும். பட்டன் அந்தப் பாதியிலதான் இருக்கு."

"தாளாளரைச் சுருக்கச் சொல்றியா?" என்றார் ஆசிரியர்.

"படத்தைத்தான் சார்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எனக்கும் குடும்பம் இருக்கு. உக்காரு."

பக்கம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனையில் நேரில் பதியும் மேசையை எடுத்துவிட்டார்கள். முறை பதிவு தொடங்கிய அன்று காலை, கல்லூரி வாசலில் அந்த மாணவியின் போன் ஒலித்தது. மறுமுனையில் தந்தை.

"அம்மாடி, ஐயாவோட ஒரு காது தெரியுது, அரை மீசை தெரியுது. பட்டனைக் காணோமே."

"இன்னொரு காதுக்குக் கீழ இருக்குப்பா. பக்கவாட்டுல தள்ளிப் பாரு."

"தள்ளுறேன். மனுஷன் அசைய மாட்டேங்கிறாரு."

"போனைப் படுக்க வச்சுப் பாரேன்."

"படுக்க வச்சா மூக்கு வரைக்கும் வர்றாரு. அதுக்கு மேல வரலை."

"நீ வைப்பா. நான் லேப்ல போட்டுடறேன்."

ஓடினாள். ஆய்வகம் பூட்டியிருந்தது. உள்ளே அதே பக்கத்தின் திறப்பு விழாவுக்குக் கணினிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாளாளர் வந்து முதல் பட்டனை அழுத்தற வரைக்கும் யாரும் தொடக் கூடாதும்மா," என்றார் உதவியாளர், கதவிடுக்கு வழியே.

"எங்கப்பாவோட முறை போயிடும்ணே."

"இதோ வந்துடுவாரு, பொறுத்துக்கோ."

தாளாளர் மதியம் வந்தார். வீட்டில் பெரிய திரை வைத்திருந்தவர்கள் அதற்குள் எல்லா முறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். தந்தையும் மகளும் மருத்துவமனைக்கு நேரில் போனார்கள். பக்கத்தில் பதியாதவருக்கு இயந்திரம் இல்லை என்றார்கள்.

அவையோரே, திரைக்கு ஏற்பப் பக்கம் வளைய வேண்டும் என்கிறது பாடம். இங்கே வளைந்தது எது? பக்கமா வளைந்தது? ஆசிரியர் வளைந்தார். குழு வளைந்தது. மூச்சு வாங்கியபடி வாசலில் நின்ற தையல்காரர் வளைந்தார். நிமிர்ந்து நின்றது ஒரு படம். பக்கம் வளைக்கும் படிப்பு என்ற பெயரை நாம் மாற்ற வேண்டாமா?

மணியடிக்கிறார்கள். எழுந்து போகாமல் கேட்டதற்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன். சான்றிதழ் வழங்குமுன் ஓர் அறிவிப்பை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தையல்காரர் அந்த வாரமே இறந்தார். அவர் அடக்கத்தன்று செய்முறைத் தேர்வு நடந்தது. அறிவிப்பு இதுதான்: தேர்வுக்கு வராத மாணவிக்குச் சான்றிதழ் இல்லை.